வலது பக்கப் பாக்கெட்

தையல் கடையின் நிலைக்கண்ணாடி முன்னால் புதுச் சுடிதாரோடு நிற்கிறாள் மனைவி. திங்கட்கிழமை வேலையில் சேருகிறாள். பின்னால் ஸ்டூலில் கணவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தையல்காரம்மா மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, கீழ் ஓரத்தை மடிக்கிறாள். "இது என்ன, பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு?" என்கிறான் அவன். "கிழியல சார், பாக்கெட். மேடம்தான் கேட்டாங்க. இப்பல்லாம் வர்றவங்க எல்லாருமே கேக்குறாங்க." பதில் குண்டூசிகளுக்கு இடையிலிருந்து வருகிறது. "இவளுக்கு எதுக்குப் பாக்கெட்? வெளிய வந்தா இவ போன், வீட்டுச் சாவி எல்லாம் என் பாக்கெட்டுலதானே இருக்கும், பதினோரு வருஷமா!" சிரிக்கிறான். கூடச் சிரிக்க ஆளில்லை. மூலையில் தைத்துக்கொண்டிருந்த பெண் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறாள். மனைவி பாக்கெட்டுக்குள் கையை விடுகிறாள். மணிக்கட்டு வரை போகிறது. உள்ளே விரல்கள் விரிவது துணிக்கு மேல் தெரிகிறது. கையை வெளியே எடுத்து, கண்ணாடியைப் பார்த்தபடியே, பின்பக்கம் நீட்டுகிறாள். "சாவியக் குடுங்க. ஆழம் போதுமான்னு பாக்கணும்." அவன் கால் ஆடுவது நிற்கிறது. தையல்காரம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கிறாள். கண்ணாடியில், அவன் கை தன் பேண்ட் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டிருக்கிறது. நீட்டிய கையை அவள் இறக்குவதாக இல்லை.