எடுக்கக் கூடாத போன்

"மணி அடிக்கும், நின்னுடும். எடுத்துடாதீங்க. எடுத்தா ரெண்டு பக்கமும் காசு போகும்" என்றாள் செல்வாம்பாள், காரில் ஏறும்போது.

எனக்கே திருப்பிச் சொல்கிறாள். இந்த ஏற்பாடே நான் செய்ததுதான்.

மகள் சிவசங்கரிக்குப் பாரீசில் பிரசவம். என் மனைவி அங்கே இறங்கியதும் ஒரு பிரெஞ்சு சிம் வாங்கிக்கொள்ள வேண்டியது. தினமும் நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால். வந்தால் எல்லாரும் நலம். காலணாச் செலவில்லை.

"ஏதாவது அவசரம்னா ராஜவேலு வீட்டு போனுக்காவது..." என்று இழுத்தாள்.

"அவன் வாயால எனக்குச் சேதி வரணுமா? செத்தாலும் வேணாம்."

ராஜவேல் என் தம்பி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவன் சத்தமில்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கெடு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனான், அவர்கள் பாஷையில் சிப்பாய். இன்று பிரெஞ்சு பென்ஷன். நான் மில்லில் தறியோடு மாரடித்தேன். முத்தியால்பேட்டையில் இதைத் தெரியாதவர் கிடையாது. எல்லாருக்கும் நானே சொல்லியிருக்கிறேன்.

செல்வாம்பாள் போனதிலிருந்து, பேசி வைத்தபடியே மணி அடித்தது. +33 என்று பிரான்சு நம்பர் வரும். எடுக்க மாட்டேன். நின்றதும் சோறு போட்டுக்கொள்வேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்டியாய் ஒருத்தன் இருக்கிறானே, அண்ணி போய்ச் சேர்ந்தாளா என்று ஒரு வார்த்தை கேட்டானா?

ஒரு நாள் விளக்கு வைத்தேன். மணி அடிக்கவில்லை.

சார்ஜ் இருந்தது. தெருவில் போய் நின்று பார்த்தேன், டவரும் இருந்தது. சர்க்கரைக்காரி அவள். பனியில் எங்காவது வழுக்கி விழுந்திருப்பாளோ? சங்கரிக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

அந்தப் பக்கம் பிரெஞ்சு டிவி அலறியது. இவனுக்கு என்ன கவலை? நடுவில் யாரோ முனகுவது போல் கேட்டது. படம் ஓடுகிறதாக்கும் என்று திரும்பிப் படுத்தேன்.

விடிந்ததும் பக்கிரியின் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய், சங்கரி வீட்டு நம்பருக்குப் போடச் சொன்னேன்.

"அடிக்குதுண்ணே. எடுக்க ஆளில்ல. அங்க இன்னும் விடியலையே, இந்நேரத்துக்கு வீட்டுல ஆளில்லன்னா..." பக்கிரி நிறுத்திக்கொண்டான்.

"இல்லன்னா?"

"ஒண்ணுமில்ல. அண்ணி செல்லு நம்பரைக் குடு, போட்டுப் பார்ப்போம்."

"வேணாம். எடுத்தா அவளுக்கும் காசு போகும்" என்றேன்.

காசுக்காக இல்லை. வேறு யாராவது எடுத்து, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்? செல்போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப தம்பியைக் கேளு. அவரு புள்ளைங்க அங்கதான இருக்கு, போய்ப் பார்த்துட்டுச் சொல்லும். வீம்பு பார்க்கிற நேரமாண்ணே இது?"

போனேன். சுவர் வைத்த பிறகு அந்தக் கதவை நான் தட்டியதே இல்லை.

"டேய்."

பதில் இல்லை. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ராஜவேலு, உங்க அண்ணிகிட்டேர்ந்து தகவல் இல்லடா. உன் புள்ளைங்களை விட்டு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

திறக்கவில்லை. நான் கெஞ்சுவதை உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். ரத்தம் தலைக்கு ஏறியது.

"இருக்கட்டும்டா. உங்கிட்ட நிக்கறதுக்கு என் காசு போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அந்த +33 நம்பரை அழுத்தினேன்.

காதில் ரிங் போனது.

கதவுக்கு உள்ளே ஒரு செல்போன் அடித்தது.

நிறுத்தினேன். அதுவும் நின்றது. மறுபடி அழுத்தினேன். அதுவும் மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

பக்கிரியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கதவை உடைத்தோம்.

கூடத்தில் தரையில் கிடந்தான். கால் மடங்கிக் கோணலாக இருந்தது. நாக்கு உலர்ந்து குரல் எழும்பவில்லை. எட்டாத உயரத்தில் மேசை, அதன்மேல் அவன் பிரான்சுக்குப் போனால் வைத்துக்கொள்கிற செல்போன், இன்னும் வெளிச்சம் அணையாமல்.

பக்கிரி ஆட்டோவுக்கு ஓடினான். நான் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தேன்.

"அண்ணி சிம் வாங்கவே இல்லண்ணே" என்றான். "வீண் செலவுன்னு நீ திட்டுவியாம். அங்க வீட்டு போன்லேர்ந்து இங்க வீட்டு போனுக்குப் பேசினா காசில்ல. தினமும் எனக்குத்தான் பேசுவாங்க. நான் சொன்னா நீ கேட்டுக்க மாட்டியே. அதான் என் பிரான்சு நம்பர்லேர்ந்து உனக்கு மணி அடிப்பேன்."

"அவ..." என்றேன்.

"நல்லாருக்காங்க. எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான். பொண்ணு பொறந்திருக்காம், நேத்து சாயந்திரமே மாப்பிள்ளை சொன்னாரு. உனக்கு மணி அடிக்கத்தான் அவசரமா எழுந்தேன், விழுந்துட்டேண்ணே."