காய் இல்லாதவர்

ஆட்டம் எளிது. மேசையில் கிடக்கும் காய்க்கு நிறமோ வடிவமோ பொருந்துகிற காயை வைக்க வேண்டும். வைக்கக் காய் இல்லாதவர் செத்தவர். யாராவது ஒரே நிறத்தில் ஒரு வரிசையை முடித்தால், செத்தவருக்கு உயிர் வரும். எங்கள் வீட்டில் முதலில் சாவது எப்போதும் அப்பாதான். நிஜத்திலும் அவரே முந்திக்கொண்டார்.

அவர் இறந்தபின் நேற்றுதான் மறுபடி ஆடினோம். சிவப்பு வரிசையை முடித்த நான் பழக்கதோஷத்தில், “அப்பாவுக்கு உயிர்!” என்று கத்திவிட்டேன்.

“வாய மூடுடா,” என்றாள் அக்கா.

உள் அறையில் அப்பா இருமினார். செருப்பைத் தேடினார்.

அம்மா அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அடுத்து அக்காவின் முறை. அவள் தன் காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

“நல்லாப் பாருடி கண்ணு,” என்றாள் அம்மா. “ஒண்ணாவது இருக்கும்.”