கிழக்கே திரும்பிய ஆன்டெனா

"அண்ணே, முதல்ல வண்டிக்குள்ள கத்திக்கிட்டிருக்கிற அந்தப் பொட்டியை ஆஃப் பண்ணுங்க."

என் பெட்டி கத்தவே இல்லை. ஒரு பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு வேனின் பின்சீட்டில் சாதுவாகத்தான் உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் அந்தப் பெண் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து அணைத்துவிட்டேன்.

மருங்காபுரியைத் தாண்டி, பொட்டல் காட்டில் ஒரு ராட்சதக் கிண்ணம் வானத்தைப் பார்த்து நிற்கிறது, அங்கே வேலை செய்பவர்கள் யாருக்கும் போனில் சிக்னல் எடுக்காது என்று கேள்விப்பட்டேன். உடனே மன்னார்புரத்தில் இருக்கும் என் கடையிலிருந்து சிக்னல் பூஸ்டர் விற்கக் கிளம்பிவிட்டேன். செயல்விளக்கம் காட்டலாமே என்று பெட்டியை ஓடவிட்டபடியே கேட்டுக்குள் நுழைந்தேன். சைவ ஹோட்டலுக்குக் கருவாடு விற்கப் போகிறவன்கூட வாசலில் நின்று ஒரு நிமிடம் யோசிப்பான்.

அந்தப் பெண்ணின் பெயர் வேணி. ஆராய்ச்சி செய்கிறவர். என் போனைப் பிடுங்கி, கேட்டருகே இருந்த இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். உள்ளே வேலை செய்கிறவர்களின் போன்களும் அதற்குள்தான் அடைந்து கிடந்தன.

பிறகு கோபம் தணிந்து விளக்கினார். அது ரேடியோ தொலைநோக்கியாம். பெயர்தான் நோக்கி, உண்மையில் அது பார்ப்பதில்லை, கேட்கிறதாம். நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் வாயு அனுப்புகிற மெல்லிய அலையைக் கேட்கிறதாம். போன் கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டி ஏலம் எடுக்கும் அலைவரிசைகளுக்கு நடுவே, அந்த ஒரு கீற்றை மட்டும் உலக நாடுகள் சேர்ந்து யாருக்கும் விற்காமல் விட்டுவைத்திருக்கின்றனவாம். நான் பலமாகத் தலையாட்டினேன். ஒரு வாயுவுக்கு அப்படி என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

"கொஞ்ச மாசமா யாரோ அதுக்குள்ள கூச்சல் போடறாங்க அண்ணே. கண்டுபிடிக்கணும்னு ராத்திரியும் இங்கேயே கிடக்கிறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள நிக்கலேன்னா, ஸ்டேஷனை மூடிட்டு எல்லாத்தையும் ராஜஸ்தானுக்கு ஏத்திடுவாங்க. எங்களையும் சேர்த்து" என்றார் வேணி. கண்கள் சிவந்திருந்தன. "இந்தப் பக்கத்துல யாருக்காவது பூஸ்டர் வித்திருக்கீங்களா?"

"இல்லைங்க மேடம்."

லைசென்ஸ் இல்லாத சரக்கை விற்கிறவன் வாயில் வேறு பதில் வராது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் என் வேனுக்கு மனசாட்சி உண்டு. அது நேராக மருங்காபுரியின் கடைசித் தெருவில், ஆனந்தவள்ளி அம்மா வீட்டு வாசலில் போய் நின்றது.

"வாங்க தம்பி. இதைவிடப் பெரிய பொட்டி வந்திருக்கா?"

என் வியாபார வாழ்க்கையில் நான் புரிந்துகொள்ளாத ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அந்த வீட்டில் அடுப்படி வரைக்கும் சிக்னல் ததும்பும். அதைச் சொல்லியும் கேட்காமல் ஒரு பூஸ்டர் வாங்கினார். அது போதாது என்று அடுத்ததும் வாங்கினார்.

பெட்டியைக் கொடுத்துவிடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றார். எதற்கு இது என்று கேட்டால், சீரியல் பார்க்க என்றார். அவர் கையில் இருந்ததோ பட்டன் போன். அதைச் சுட்டிக்காட்டினால், கேஸ் சிலிண்டர் புக் பண்ண என்றார்.

குழம்பிப்போய் மாடி ஏறினேன். அங்கே குழப்பம் இரட்டிப்பானது. டவர் இருப்பது மேற்கே. ஆன்டெனாவை நான்தான் மேற்கே பார்த்து முடுக்கினேன். இப்போது அது கிழக்கே திரும்பியிருந்தது. கிழக்கே பொட்டலும் பாறையும் அந்தக் கிண்ணமும்தான். போன தடவையும் இப்படித்தான் இருந்தது. அப்போது கேட்டதற்கு, குரங்கு திருப்பியிருக்கும் என்றார். எந்தக் குரங்கு புடவைக் கிழிசலால் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டும்?

இறங்கி வந்து, நமக்குத் தெரிந்த உண்மையையாவது சொல்லிவிடலாம் என்று சொன்னேன். "அம்மா, இந்தப் பொட்டி ஓடினா அங்க வேலை நடக்காதாம். அந்தக் கிண்ணத்தை மூடிடுவாங்களாம்."

"மூடினா, அங்க இருக்கிறவங்க?"

"ராஜஸ்தானுக்குப் போகணுமாம்."

அவர் எழுந்து போய் சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கினார். பணத்துக்கு மசியாதவர் ராஜஸ்தானுக்கு மசிந்தது எப்படி என்று விளங்காமல், நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். "இப்பவாவது சொல்லுங்கம்மா. எதுக்கு வாங்கினீங்க? எதுக்குக் கிழக்க திருப்பினீங்க?"

பிடுங்கிய ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே ஆனந்தவள்ளி அம்மா சொன்னார்:

"வேலை கிடக்குது, பாக்க வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வாம்மான்னு எம் பொண்ணு சொல்லியிருக்கா. எப்பப் போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுது. நம்ம பொட்டிக்குத்தான் சக்தி பத்தலைன்னு நெனைச்சேன். டவர் மேற்க இருந்துட்டுப் போகட்டும் தம்பி, என் வேணி அந்தக் கிண்ணத்துக்கிட்டதானே இருக்கா?"