மேல்தட்டு

புட்டி கல்லாக இருந்தது. குலுக்கிப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

“வெளிய என்ன வெயில் கொளுத்துது பாரு! பாவம், உன் மருந்து கெட்டுப் போயிடப் போகுதேன்னு நான்தான் எடுத்து மேல்தட்டுல வச்சேன்,” என்றார் நான் வேலை செய்யும் வீட்டு அம்மா. முகமெல்லாம் பூரிப்பு.

மேல்தட்டு என்றால் ஃப்ரிட்ஜில் ஐஸ் உறைகிற இடம். எங்களைச் சேர்ந்த எதற்கும் அந்த வீட்டில் அதுவரை மேல்தட்டில் இடம் கிடைத்ததில்லை. கிடைத்த அன்றைக்கு இந்தக் கதி.

என் மகளுக்குச் சர்க்கரை வியாதி. எட்டு வயதில் வருமா என்று ஆச்சரியப்பட்டவர்கள், நான்தான் மிட்டாய் கொடுத்துக் கெடுத்தேன் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். இன்சுலின் ஊசி இல்லாமல் அவளால் இரண்டு நாள் தாங்க முடியாது.

அந்த மருந்து சூடு பட்டால் கெட்டுவிடும். நாங்கள் இருப்பதோ தகரக் கூரைக்குக் கீழே. மத்தியானம் ஃபேனைப் போட்டால் அடுப்பை ஊதிவிட்ட மாதிரி இருக்கும். மண்பானையில் ஈர மணலைப் போட்டு அதற்குள் புட்டியை வைத்துப் பார்த்தேன். இந்தக் கோடைக்குப் பானையும் கையை விரித்துவிட்டது. கெட்டுப்போன மருந்து என்று தெரியாமலே ஊசி போட்டு, மகள் மூச்சு வாங்க, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அதற்கப்புறம்தான் வெட்கத்தை விட்டு அம்மாவிடம் கேட்டேன். பிள்ளைக்கு ஒரு மருந்து, ஃப்ரிட்ஜில் உள்ளங்கை அளவு இடம் போதும் என்று. பெரிய மனது பண்ணி, கதவில் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கொடுத்தார். என்ன மருந்து என்று கேட்கவில்லை.

உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது, தூக்கிப் போட்டுவிடு என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நேற்று ஊசியில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப்போனது காலையோடு தீர்ந்தது. இலவச ஆஸ்பத்திரியில் அடுத்த புட்டி அடுத்த மாதம்தான்.

வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

சொன்னால் அம்மாவுக்குச் சங்கடமாகிவிடும். அவர்களுக்குச் சங்கடம் வந்தால் நமக்கு வேலை போகும். முந்தின வீட்டில் அப்படித்தான், தப்பு அவர்கள் மேல் என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இந்த மூலையும் போய்விட்டால் அடுத்த மாதப் புட்டியை எங்கே கொண்டு வைப்பேன்?

தெரியாமல் செய்துவிட்டார், பாவம். நல்லது நினைத்துத்தான் செய்தார். அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

“ரொம்ப நல்லதும்மா,” என்றேன்.

சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்களாம். ஜூஸ் பாட்டில்களை நீட்டி, கதவில் அடுக்கச் சொன்னார். என் மூலையில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்ததற்கு இடம் பண்ண, பக்கத்திலிருந்த ஐயாவின் மருந்தைக் கையில் எடுத்தேன். ஐயாவுக்கும் சர்க்கரைதான். அதே பெயர், அதே அளவு, அதே நீல மூடி.

அம்மா பதறிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

“ஏய், அதைக் கொண்டுபோய் மேல கீல வச்சுடாத! உறைஞ்சா வீணாப் போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும்மா,” என்றேன்.