வெட்டாமல் விட்ட காட்சி

சிறிய அரங்கில் படம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. திரையின் நீல வெளிச்சம் அக்காவின் மூக்குக்கண்ணாடியில் அசைகிறது. பக்கத்தில் தம்பி. படம் அவனுடைய கதைதான். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கைக்கருவியால் ஊர் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவன். கோபம் வந்தால் ஆள் தராதரம் பார்க்காமல் எரிந்து விழுகிறவனும் அவன்தான். இப்போது திரையில் அந்த நாள் வருகிறது. தம்பியாக நடிப்பவன் சர்க்யூட் போர்டைச் சுவரில் வீசியடித்து, அந்தக் கருவியை உருவாக்கிய பெண் பொறியாளரை எல்லார் முன்னாலும் "வெளிய போ" என்கிறான். அடுத்த காட்சியில், "நான் ஒருத்தனே செஞ்சது" என்று மேடையில் கைதட்டல் வாங்குகிறான். நிஜப் பொறியாளர் இரண்டு வரிசை முன்னால், தம்பி அனுப்பிய அழைப்பின்பேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நரைத்த தலை அசையவே இல்லை. "இதை வெட்டச் சொல்ல உனக்கு உரிமை இருந்துச்சேடா" என்று அக்கா கிசுகிசுக்கிறாள். "டைரக்டரும் ரெண்டு தடவை கேட்டாருக்கா. நடந்ததுதானே, இருக்கட்டும்னுட்டேன்." சட்டென்று எழுந்து பொறியாளர் இருக்கும் வரிசைக்குப் போகிறான். அவன் நிழல் திரையில் விழுந்து நடிகனின் முகத்தை மறைக்கிறது. "அன்னிக்கு மேடையில நான் சொன்னது பொய்ங்க. அது நீங்க செஞ்சது" என்கிறான், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. பொறியாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த கைப்பையை எடுத்து, அவன் உட்கார இடம்விட்டு, மடியில் வைத்துக்கொள்கிறார். "யாருங்க அது, படத்தை மறைச்சுக்கிட்டு?" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுக்கிறார். தம்பியின் எத்தனையோ விருது விழாக்களில் அவனை உறவென்று சொல்லிக்கொள்ளாத அக்கா, தலை நிமிர்ந்து திரும்புகிறாள். "என் தம்பி."