இடது உள்ளங்கை

செவில் நகரத்து மத விசாரணை மண்டபத்தில், நீள மேசைமேல் ஒரு பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் மரச்சிலை, மல்லாந்து கிடக்கிறது. வலது கையையும் கால்களையும் சிலுவையில் அறைந்தாயிற்று. இடது கை மட்டும் மிச்சம். அதைச் செதுக்கிய ஜினேஸ் சுத்தியலோடு பக்கத்தில் நிற்கிறார். ஆணி அடிக்கும்போது ஆண்டவரைக் கேலி செய்தார் என்பது வழக்கு. நிரூபணமானால் உயிரோடு தீ. மரத்தின் விலா எலும்புகள்மேல் சன்னல் வெயில் ஊர்கிறது. மூலையில் எழுத்தர் இறகுப் பேனாவோடு காத்திருக்கிறார்.

"பட்டறைல அடிக்கிற மாதிரியே அடி. வெட்கப்படாதே, எங்களையும் வாடிக்கைக்காரங்கன்னு நினைச்சுக்கோ" என்கிறார் நீதித் துறவி. வாசல் காவலன் சிரிக்கிறான். துறவி தொடர்கிறார்: "'பொறுத்துக்கோ ராசா, இது ஒண்ணுதான்'னு அவர்கிட்டச் சொல்லுவியாமே?"

"வாய் நிறைய ஆணி வச்சிருப்பேன் சாமி. எப்படிப் பேசறது?"

"இப்ப ஒரு ஆணிதானே இருக்கு. அடி."

ஜினேஸ் அந்த ஆணியை உதட்டில் கவ்வுகிறார். இரும்பு கைக்கிறது. அது அங்கே இருக்கும்வரை பயமில்லை. ஆனால் எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்து, மர உள்ளங்கையில் நிறுத்துகிறார். வாய் காலியாகிவிடுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் அடி அடிக்கிறார். மரம் முனகுகிறது. முப்பது வருடமாகக் கேட்கிற முனகல். அவர் செதுக்கிய மடங்கிய விரல்கள் அவர் விரலில் உரசுகின்றன. ஓங்கிய சுத்தியல் அந்தரத்தில் நிற்கிறது.

"பொறுத்துக்கோ ராசா" என்று யாரோ மெல்லச் சொல்வது அவருக்குக் கேட்கிறது. அது தன் குரல்தான் என்று புரிவதற்குள், எழுத்தரின் இறகு தாளில் ஓடத் தொடங்குகிறது.