பொதுப்பெட்டியில் ஒரு வரி

அழித்தது ஒரே ஒரு வரிதான். அழித்துவிட்டுச் சீனியர் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆபீசுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

அவள் கைவைத்தது ஜூனியர் பையன் மின்னலின் பொதுப்பெட்டியில். வெப்சைட்டுக்கு வேண்டிய பட்டன், மெனு, கட்டம் எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து ஒரே இடத்தில் வைத்திருந்தான் அவன். யாருக்கு எது வேண்டுமோ அங்கிருந்து எடுத்துத் தங்கள் பக்கங்களில் பொருத்திக்கொள்ளலாம். பெட்டியில் ஒன்றை மாற்றினால், பொருத்திய இடமெல்லாம் தானாக மாறிவிடும். ஆபீசே அதில் சொக்கிக் கிடந்தது.

சீனியர் மட்டும் அதைத் தொடவில்லை. தன் பக்கங்களுக்குத் தானே பட்டன் செய்து பழகியவள். நேற்று வந்தவன் செய்த பட்டனை நான் எடுத்துப் போடுவதா என்று வீம்பு. மேனேஜர் அவனை "மின்னல்" என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். இத்தனை வருஷத்தில் அவளை ஒருத்தரும் மின்மினி என்றுகூடச் சொன்னதில்லை.

இன்றைக்குக் கிளையண்ட் வருகிறார். வேலையைப் பார்த்துவிட்டு அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் டீம் லீடர். அந்த நாற்காலிக்காகத்தான் அவள் இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

நேற்று சாயங்காலம், எல்லாப் பட்டனும் நீல நிறத்தில் வேண்டும் என்று கிளையண்ட் குண்டைத் தூக்கிப் போட்டார். மின்னல் பெட்டியில் ஒரு இடத்தில் மாற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். அவளோ ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மாற்ற வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் தீராது. அந்த நேரம் பார்த்து, மகனுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன்.

"நீங்க கிளம்புங்கக்கா. உங்களோடதை நான் பாத்துக்கறேன்" என்றான் மின்னல்.

வேறு வழியில்லாமல் கிளம்பினாள். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் "எல்லாம் முடிஞ்சுதுக்கா" என்று மெசேஜ் வந்துவிட்டது.

காலையில் வந்து பார்த்தால், அவளுடைய பட்டன்கள் அத்தனையும் நீலம். அழுத்தினால் எல்லாம் சரியாக வேலை செய்தது. அவளுக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. 'என் வேலையையும் நான்தான் முடித்தேன் என்று கிளையண்ட் முன்னால் பீற்றிக்கொள்வான், பார்' என்று பொருமினாள். பொருமிக்கொண்டேதான் பொதுப்பெட்டியைத் திறந்து, பட்டனை இயக்கும் அந்த நிரல் வரியை அழித்தாள்.

கிளையண்ட் வந்தார். மீட்டிங் அறையில் பெரிய திரையைப் போட்டார்கள்.

"முதல்ல யாரோடது பாக்கலாம்?" என்றார் மேனேஜர்.

"அக்காவோடது சார். சீனியர் அவங்கதானே" என்றான் மின்னல்.

அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலில் என்னுடையது ஓடட்டும், அப்புறம் உன்னுடையது படுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அவளுடைய முதல் பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அடுத்த பக்கத்துக்குப் போனார். அதுவும் அசையவில்லை. கிளையண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? சரிபாத்தீங்களா இல்லையா?" மேனேஜரின் குரல் உயர்ந்தது.

"நான்... காலையில கூட..." என்று இழுத்தாள். தன்னுடையது எப்படிக் கெட்டது என்று அவளுக்கே விளங்கவில்லை.

மின்னல் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அக்காவைத் திட்டாதீங்க சார். நேத்து அவங்க பட்டனை எல்லாம் எடுத்துட்டு, பெட்டியிலேர்ந்து என்னோடதைப் போட்டது நான்தான்."